என் ஃப்ரெண்ட் ஒருத்தி: இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

பாப்பா, போன ஞாயிற்றுக்கிழமை நான் ஆரம்பாக்கம் வந்திருந்தபோது உன் போனில் ஒரு மெயில் டிராஃப்ட் காட்டினாயே, அதை அனுப்பினாயா? உங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் ஆள் எடுக்கிறார்கள், உன்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவள் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறாள், அவளுக்காக எச்.ஆருக்கு எழுதியிருந்தாய். நல்ல காரியம். ஆனால் முதல் வரியே "மை ஒன் ஃப்ரெண்ட் ஹேஸ் கம்ப்ளீட்டட் டிப்ளமோ" என்று இருந்தது. "இப்படி இல்லடி" என்றதும் அழித்துவிட்டு "ஒன் மை ஃப்ரெண்ட்" என்றாய். அதுவும் இல்லை என்றேன். "எ ஃப்ரெண்ட் ஆஃப் மீ" என்றாய். மூன்றாவது தடவையும் நான் தலையாட்டியபோது உன் முகம் வாடிப்போனது. வண்டிக்கு நேரமாகிவிட்டது, "எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்" என்று சரியானதை மட்டும் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஏன் அப்படி என்று சொல்லவே இல்லை. பொன்னேரியில் இறங்கும் வரைக்கும் அதுதான் மனதை அரித்துக்கொண்டிருந்தது. காரணம் சொல்லாமல் திருத்தினால் அடுத்த மெயிலில் அதே இடத்தில் நீ மறுபடி தடுக்கி விழுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைப் போல வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெயில் எழுதத் தயங்குகிற எல்லாத் தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். இந்த விஷயம் உனக்கு ஏற்கெனவே தெரியும், தமிழில். "என் ஃப்ரெண்ட் சொன்னா" என்பதும் "என் ஃப்ரெண்ட் ஒருத்தி சொன்னா" என்பதும் ஒன்றா? இல்லையே. முதலாவதைச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு அவள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதில் யாரோ ஒருத்தி, உன் தோழிகளில் ஒருத்தி, அவ்வளவுதான். "அப்பாவோட ஃப்ரெண்ட் ஒருத்தர் வந்திருந்தார்", "நம்ம சொந்தக்காரர் ஒருத்தர் சூளூர்பேட்டையில இருக்கார்", "உன் புக் ஒண்ணு என்கிட்ட இருக்கு". நாள் முழுக்க இப்படிப் பேசுகிறோம். கடைசியில் வந்து உட்காருகிறதே அந்த ஒருத்தர், ஒருத்தி, ஒண்ணு, அதுதான் அடையாளம். தமிழில் அது வந்தால் இங்கிலீஷில் "ஆஃப் மைன்", "ஆஃப் யுவர்ஸ்", "ஆஃப் மை ஃபாதர்'ஸ்" வரும். இலக்கணப் புத்தகத்தில் இதற்கு டபுள் பொசசிவ் என்று பேர். "ஆஃப்" என்பதிலும் "உடைய" இருக்கிறது, "மைன்" என்பதிலும் "உடைய" இருக்கிறது, இரண்டு தடவை வருவதால் டபுள். பேரைப் பார்த்து மிரளாதே.

அப்பாவின் பஞ்சர் கடையில் நின்றாலே இதைக் கேட்கலாம். எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி வருகிற லாரி, தடா பக்கத்திலிருந்து இறங்குகிற லாரி எல்லாம் அங்கே நிற்கும். தெலுங்கு டிரைவர் வந்தால் அப்பா "நா ஃப்ரெண்ட் ஒகடு உன்னாடு" என்பார். அதிலும் "ஒகடு" பின்னால்தான் வருகிறது, நம் "ஒருத்தன்" மாதிரியே. இந்தி பேசுகிற டிரைவர் "மேரா ஏக் தோஸ்த்" என்பார். அங்கே "ஏக்" நடுவில் புகுந்துகொள்ளும். அதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் கிடைப்பது "மை ஒன் ஃப்ரெண்ட்". உன் லைனில் வேலை பார்க்கிற வடமாநிலப் பிள்ளைகளோடு பேசிப் பேசி உனக்கு அது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். யார் மேலும் தப்பில்லை, அவரவர் மொழியின் அச்சு அது. ஆனால் இங்கிலீஷில் "மை ஒன் ஃப்ரெண்ட்" என்றால் "எனக்கு இருக்கிற ஒரே ஒரு ஃப்ரெண்ட்" என்று அர்த்தம் போய்விடும். எச்.ஆரில் படிப்பவர் உனக்கு வேறு தோழிகளே இல்லையோ என்று நினைப்பார்.

இன்னொரு சோதனையும் தமிழிலேயே இருக்கிறது. "என் அம்மா ஒருத்தங்க" என்று யாராவது சொல்வோமா? "என் வீட்டுக்காரர் ஒருத்தர்" என்று நான் சொன்னால் ஊர் என்ன நினைக்கும்? அதே போல "எ மதர் ஆஃப் மைன்", "எ ஹஸ்பண்ட் ஆஃப் மைன்" இங்கிலீஷிலும் கிடையாது. ஒன்றுக்கு மேல் இருக்கிற உறவுக்கும் பொருளுக்கும்தான் இது. நமக்கு ஒரே தம்பி என்பதால் "மை பிரதர்" என்றே எழுது. மாமா வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேர் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவரைச் சொல்லும்போது "எ கஸின் ஆஃப் மைன்".

இப்போது அந்த ஏன் என்பதற்கு வருகிறேன். இதுதான் எனக்கே ரொம்ப நாள் புரியாமல் இருந்தது.

இங்கிலீஷில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரே ஒரு ஜன்னலோர சீட் இருக்கிறது என்று வைத்துக்கொள். அந்த சீட்டுக்குப் போட்டி போடுகிறவர்கள் நிறைய: எ, ஆன், தி, திஸ், தட், சம், நோ, விச், அப்புறம் மை, யுவர், ஹிஸ், ஹெர், அவர், தெயர். காலையில் கும்மிடிப்பூண்டி பக்கம் போகிற வண்டியில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டால் இன்னொருத்தி நின்றுதான் ஆக வேண்டும். அதே கதைதான். "எ" உட்கார்ந்தால் "மை" உட்கார முடியாது. அதனால்தான் "எ மை ஃப்ரெண்ட்" தப்பு, "மை எ ஃப்ரெண்ட்" தப்பு, "மை திஸ் ஐடி கார்டு" தப்பு. தமிழில் இந்தத் தொல்லை இல்லை. "என்னோட இந்த ஐடி கார்டு" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்போம். அந்தப் பழக்கத்தில்தான் இங்கிலீஷிலும் தடுமாறுகிறோம்.

இரண்டும் வேண்டும் என்றால் என்ன செய்வது? "மை" எழுந்து பின்னால் போகிறது. போகும்போது "ஆஃப்" என்ற கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேரையும் "மைன்" என்று மாற்றிக்கொள்கிறது. "எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்." "திஸ் ஐடி கார்டு ஆஃப் மைன்." இந்த ஒரு படம் மனதில் நின்றுவிட்டால் பாதி தப்புகள் தானாக உதிர்ந்துவிடும். உதாரணத்துக்கு, யாராவது "என் ஃப்ரெண்ட் உன்னைப் பார்க்கணும்னு சொன்னா" என்றால் நீ "உன் எந்த ஃப்ரெண்ட்?" என்று கேட்பாய். அதை "யுவர் விச் ஃப்ரெண்ட்?" என்று சொல்கிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். யுவர், விச் இரண்டுமே சீட்டுக்கு நிற்கிறவை. "விச்" உட்காரட்டும், "யுவர்" பின்னால் போகட்டும்: "விச் ஃப்ரெண்ட் ஆஃப் யுவர்ஸ்?"

"நோ" வந்தாலும் அப்படித்தான். ஸ்டாக் எண்ணிக்கையில் குறைந்தால் புதுசாய்ச் சேர்ந்த பெண்ணைத்தான் முதலில் கை காட்டுவார்கள். உன் பக்கம் தப்பு இல்லை என்றால் தயங்காமல் எழுது: "இட் வாஸ் நோ ஃபால்ட் ஆஃப் மைன்." தெளிவாக, மரியாதையாக, அழுத்தமாக இருக்கும். எனக்கு இந்த வரி இரண்டு முறை கை கொடுத்திருக்கிறது.

பின்னால் போகும்போது மாறுகிற பேர்களை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொள். மை போய் மைன். யுவர் போய் யுவர்ஸ். ஹெர் போய் ஹெர்ஸ். அவர் போய் அவர்ஸ். தெயர் போய் தெயர்ஸ். ஹிஸ் மட்டும் மாறாது, ஹிஸ்தான். இந்த யுவர்ஸ், ஹெர்ஸ், அவர்ஸ், தெயர்ஸ் நாலிலும் எஸ் இருக்கிறது, ஆனால் அபாஸ்ட்ரஃபி கிடையாது. மேலே போடுகிற அந்தச் சின்னக் கொக்கியை இவற்றில் எங்கேயும் போடாதே. கொக்கி பெயர்களுக்கு மட்டும்: "எ ஃப்ரெண்ட் ஆஃப் மை ஃபாதர்'ஸ்", "எ நெய்பர் ஆஃப் மை ஆன்ட்டி'ஸ்". அம்மா அப்பா இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லும்போது "பேரண்ட்ஸ்" என்று ஏற்கெனவே எஸ் இருப்பதால் கொக்கியை எஸ்ஸுக்குப் பிறகு போட வேண்டும். உச்சரிப்பில் வித்தியாசம் தெரியாது, எழுத்தில்தான் தெரியும்.

இங்கே ஒரு சலுகை உண்டு. "எ ஃப்ரெண்ட் ஆஃப் மை ஃபாதர்" என்று கொக்கி எஸ் இல்லாமல் எழுதினாலும் சரிதான். இரண்டையும் நல்ல எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். ஆனால் மீ, யூ, ஹிம், ஹெர் வரும் இடத்தில் சலுகை இல்லை. "எ ஃப்ரெண்ட் ஆஃப் மீ" எந்த ஊரிலும் செல்லாது.

உன் சீனியர் யாராவது "ஆஃப் போட்டாச்சு, அப்புறம் எதுக்கு எஸ், டபுளா வருது, தப்பு" என்று அடித்துவிட்டால் பயப்படாதே. இந்தச் சந்தேகம் பழசு. ராபர்ட் லோத் என்ற பாதிரியார் 1762ல் இங்கிலீஷ் இலக்கணத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் எழுதினார், பின்னாளில் அவர் லண்டன் பிஷப் ஆனார். அந்தப் புத்தகத்திலேயே இதைப் பற்றிப் பேசுகிறார். ராஜாவின் படைவீரன் ஒருவன் என்று சொல்லும்போது ஆஃபும் எஸ்ஸும் சேர்ந்து வருகிறதே என்று கவனித்து, ராஜாவின் வீரர்களில் ஒருவன் என்ற அர்த்தம் அதற்குள் இருக்கிறது, அதனால் உண்மையிலேயே அங்கே இரண்டு உடைமை இருக்கிறது என்று விளக்குகிறார். நம் "ஒருத்தன்" அதே கணக்குத்தான்.

ஆனால் அந்த விளக்கம் எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை. "தட் லாங் நோஸ் ஆஃப் ஹிஸ்" என்று சொல்கிறார்களே, அவனுக்கு இருப்பது ஒரு மூக்குதானே, "அவன் மூக்குகளில் ஒன்று" என்று எப்படி வரும்? இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வேறு விளக்கம் தேடியவர் ஓட்டோ யெஸ்பர்சன். 1860ல் பிறந்து 1943ல் மறைந்தவர், டென்மார்க்காரர். இங்கிலீஷ் அவருக்குத் தாய்மொழி இல்லை, நம்மைப் போலப் படித்துக் கற்றுக்கொண்டதுதான். அவர் எழுதிய இங்கிலீஷ் இலக்கணம் 7 பாகம், இன்றைக்கும் இங்கிலீஷ்காரர்களே அதை எடுத்துப் பார்க்கிறார்கள். "நமக்கு எங்கேக்கா இங்கிலீஷ் வரும்" என்று நீ அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்த மனுஷன் ஞாபகம் வருவார். வெளியிலிருந்து வருகிறவளுக்குத்தான் ஒரு வீட்டின் வாசல் எங்கே தடுக்கும் என்று நன்றாகத் தெரியும்.

அந்த மூக்கு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபீஸில் இது ஆபத்து. "தட்", "திஸ்" வரும் இடத்தில் "ஒருத்தர்" அர்த்தம் இல்லை. அங்கே தமிழில் "அவனோட அந்தக் கோபம் இருக்கே", "உன்னோட இந்தச் சிரிப்பு இருக்கே" என்போம். "தட் டெம்பர் ஆஃப் ஹிஸ்." "திஸ் ஸ்மைல் ஆஃப் யுவர்ஸ்." சொல்கிறவளின் மனசு அதில் ஏறிக்கொள்ளும். பாசமாக இருந்தால் பாசம், எரிச்சலாக இருந்தால் எரிச்சல். "திஸ் லிட்டில் டவுன் ஆஃப் அவர்ஸ்" என்று ஆரம்பாக்கத்தைச் சொன்னால் கேட்கிறவருக்கு உன் ஊர்ப்பாசம் புரியும். அதே மாதிரி "தட் மேனேஜர் ஆஃப் யுவர்ஸ்" என்று இன்னொரு கம்பெனிக்காரரிடம் சொன்னால் "உங்க மேனேஜர் இருக்காரே, அந்த ஆளு" என்கிற தொனி வந்துவிடும். நீ அப்படி நினைத்திருக்கவே மாட்டாய். அதனால் ஆபீஸ் மெயிலில் ஆளைப் பற்றிச் சொல்லும்போது "தட்" போட்ட டபுள் பொசசிவ் வேண்டாம். "யுவர் மேனேஜர்" போதும். வீட்டில், தோழிகளிடம் தாராளமாகச் சொல்லிக்கொள்.

இனி நான் பட்ட ஒரு அடி. வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு மாதம் இருக்கும். அப்போது நான் இருந்த கம்பெனியில் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் போட்டிருந்தார்கள். அனுப்பிய சரக்கில் ஒரு பேலட் உடைந்து போனதாகக் கஸ்டமர் எழுதியிருந்தார். லோடு ஏற்றும்போது நன்றாகத்தான் இருந்தது என்பதற்கு எங்கள் சூப்பர்வைசர் எடுத்த போட்டோ இருந்தது. நான் எழுதினேன்: "ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட் எ ஃபோட்டோ ஆஃப் அவர் சூப்பர்வைசர்." சூப்பர்வைசரின் போட்டோ என்றுதான் மனதில் நினைத்தேன். தமிழில் அது சரிதான், அவர் எடுத்ததும் அவருடைய போட்டோதான், அவர் முகம் இருப்பதும் அவருடைய போட்டோதான். இங்கிலீஷில் நான் எழுதியதற்கு அவர் முகம் இருக்கிற போட்டோ என்று மட்டும்தான் அர்த்தம். கஸ்டமர் திருப்பிக் கேட்டார், உங்கள் சூப்பர்வைசர் படம் எனக்கு எதற்கு, பேலட் படம் எங்கே என்று. அட்டாச்மென்ட்டை அவர் திறக்கவே இல்லை. அதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. அன்றைக்குக் கேட்ட பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அழுதேன், உனக்கு ஞாபகம் இருக்காது, நீ ஸ்கூல் போய்க்கொண்டிருந்தாய்.

அந்த ஒரு கொக்கியும் எஸ்ஸும் என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. "எ ஃபோட்டோ ஆஃப் தாத்தா" என்றால் போட்டோவில் தாத்தா இருக்கிறார். "எ ஃபோட்டோ ஆஃப் தாத்தா'ஸ்" என்றால் தாத்தா வைத்திருந்தது, அல்லது தாத்தா எடுத்தது. உள்ளே யார் வேண்டுமானாலும் இருக்கலாம். சுட்டுப்பெயரிலும் அப்படியே: "எ ஃபோட்டோ ஆஃப் ஹிம்" என்றால் அவன் முகம், "எ ஃபோட்டோ ஆஃப் ஹிஸ்" என்றால் அவனுக்குச் சொந்தமான போட்டோ. ஆஃப் வந்தால் எப்போதுமே மைன், ஹிஸ் என்று எழுதிவிடக் கூடாது என்பதும் இதிலிருந்தே தெரியும். உன்னை யாராவது படம் எடுத்தால் அது "எ ஃபோட்டோ ஆஃப் மீ"தான்.

அம்மாவின் பூஜை அலமாரியில் வெள்ளைப் புடவையோடு வீணை வாசிக்கிற சரஸ்வதி படம் இருக்கிறதே. அந்த மாதிரி உருவத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ராஜா ரவி வர்மாவுக்குப் பெரிய பங்கு. 1848ல் கிளிமானூரில் பிறந்தவர், 1894ல் பம்பாயில் அச்சகம் ஆரம்பித்துத் தன் ஓவியங்களை மலிவு விலைப் படங்களாக்கினார். அந்தப் படத்தைப் பற்றி எழுதினால் "எ பிக்சர் ஆஃப் சரஸ்வதி". வரைந்தவர் கணக்கில் சொன்னால் "எ பிக்சர் ஆஃப் ரவி வர்மா'ஸ்". கொக்கி எஸ்ஸை விட்டுவிட்டு "எ பிக்சர் ஆஃப் ரவி வர்மா" என்றால் தலைப்பாகையோடு அவரே உட்கார்ந்திருக்கிற படம் என்றாகிவிடும். கன்னியாகுமரியில் 133 அடி உயரத்தில் நிற்கிறாரே வள்ளுவர், அது "எ ஸ்டேச்சூ ஆஃப் வள்ளுவர்". அதைச் செதுக்கித் தந்தவர் கணபதி ஸ்தபதி, 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். அவர் வேலைகளில் ஒன்று என்று சொல்ல "எ வொர்க் ஆஃப் கணபதி ஸ்தபதி'ஸ்".

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு யோசனை: அர்த்தம் மாறிப்போனால் பணமோ பேரோ போகும் என்கிற மெயிலில் இந்தச் சின்னக் கொக்கியை மட்டும் நம்பாதே. "எ ஃபோட்டோ டேக்கன் பை அவர் சூப்பர்வைசர்" என்று ஒரு வார்த்தை கூடுதலாகப் போடு. அவசரத்தில் படிக்கிறவர் கண்ணில் கொக்கி படாது.

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வேற்றுமை படிக்கும்போது தமிழம்மா தற்கிழமை, பிறிதின்கிழமை என்று சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? எனது கை என்றால் என்னோடு ஒட்டியிருப்பது, எனது வீடு என்றால் என்னிடமிருந்து பிரிக்க முடிவது. நன்னூலிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது. சொந்தம் என்பதில் பல வகை உண்டு என்பது நம் இலக்கணக்காரர்களுக்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அது அப்படியே இங்கிலீஷுக்குப் பொருந்தாது, ஆனால் "இது எந்த வகைச் சொந்தம்" என்று ஒரு நொடி நின்று யோசிக்கிற பழக்கம் அங்கிருந்தே வரலாம்.

எங்கே இதைப் போடக் கூடாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடையவர் மனிதராக இருக்க வேண்டும். கம்பெனி, மெஷின், ஸ்டேஷன் இவற்றுக்குக் கொக்கி எஸ் வேண்டாம்: "ஆன் எம்ப்ளாயீ ஆஃப் தி கம்பெனி", "எ பார்ட் ஆஃப் தி மெஷின்". குடும்ப நண்பர் என்பதற்கும் "எ ஃப்ரெண்ட் ஆஃப் தி ஃபேமிலி"தான். உடையவரைப் பற்றிய விவரம் நீளமாக இருந்தால், அதாவது "பி ஷிஃப்ட்டில் வேலை பார்க்கிற சூப்பர்வைசரின் ஃப்ரெண்ட்" மாதிரி வந்தால், எஸ்ஸை எங்கே ஒட்டுவது என்று திண்டாடாமல் விட்டுவிடு. அப்புறம் ஃபாரம் நிரப்பும்போது "டாட்டர் ஆஃப்" என்று போட்டு அப்பா பேர் எழுதுகிறோமே, அங்கே அப்பா பேரோடு எஸ் சேர்க்காதே. போன வருஷம் நீ ஒரு விண்ணப்பத்தில் சேர்த்திருந்தாய், நான் திருத்தினேன். அங்கே நீ யார் மகள் என்று சொன்னால் போதும், பல மகள்களில் ஒருத்தி என்று சொல்ல வேண்டியதில்லை.

"தி" போட்டும் இதைத் தொடங்காதே. "தி ஃப்ரெண்ட் ஆஃப் மைன்" என்று மொட்டையாக நின்றால் தப்பு. தெரிந்த ஆள் என்றால் "மை ஃப்ரெண்ட்" என்றே சொல்லிவிடலாமே. பின்னால் "ஹூ" வந்து யார் என்று குறிப்பாகச் சொன்னால் மட்டும் சரி: "தி ஃப்ரெண்ட் ஆஃப் மைன் ஹூ லிவ்ஸ் இன் தடா." எண்ணிக்கை வரும்போது "டூ ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மைன்" என்றால் தோழிகளில் இருவர். "மை டூ ஃப்ரெண்ட்ஸ்" என்றால் அந்த இருவர்தான், அவர்களை எதிரில் இருப்பவருக்கும் தெரியும்.

டபுள் பொசசிவ் வாயில் நுழையவே இல்லை என்றால் மாற்றுவழி இருக்கிறது: "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்". அர்த்தம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் கடைசியில் எஸ் கட்டாயம் வர வேண்டும். பலரில் ஒருத்தி என்கிறோம், அந்தப் பலர் பன்மை இல்லையா? "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்று எழுதுகிறவர்களை நான் தினம் பார்க்கிறேன். பத்து வருஷ அனுபவம் உள்ளவர்களே எழுதுகிறார்கள். வினைச்சொல் மட்டும் ஒருமை: "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் லுக்கிங் ஃபார் எ ஜாப்." எனக்கு என்னவோ "எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்"தான் பிடிக்கும். பேச்சில் இயல்பாக இருக்கும், அந்த எஸ் தொல்லையும் இல்லை.

"ஓன்" என்ற வார்த்தை வரும்போது மட்டும் மைன் ஆகாது, "மை"யே நிற்கும்: "எ ஹவுஸ் ஆஃப் மை ஓன்", எனக்கே எனக்கென்று ஒரு வீடு. இதே அமைப்பில் ஒரு புகழ்பெற்ற புத்தகத்தின் பேர் இருக்கிறது, வர்ஜீனியா உல்ஃப் எழுதிய "எ ரூம் ஆஃப் ஒன்'ஸ் ஓன்". 1928ல் கேம்பிரிட்ஜில் பெண்கள் கல்லூரிகள் இரண்டில் அவர் பேசியதை வைத்து எழுதி 1929ல் வந்தது. ஒரு பெண் கதை எழுத வேண்டும் என்றால் அவளுக்குக் கையில் காசும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்பதுதான் அதில் அவர் சொல்வது. பேரைக் கவனி: ஆஃப் இருக்கிறது, ஒன் என்பதோடு கொக்கி எஸ்ஸும் இருக்கிறது. நம் வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்தோம். நான் ஹைவே லாரிச் சத்தத்துக்கு நடுவில், அடுப்பங்கரை விளக்கில் உட்கார்ந்து இங்கிலீஷ் படித்தேன். உனக்கு இப்போது சம்பளம் வருகிறது. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அந்தச் சின்ன அறையை அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொள், ஒரு மேஜை போடு, நான் பாதிக் காசு தருகிறேன். தடா பக்கம் ஸ்ரீசிட்டி கம்பெனிகளுக்கு நீ முயற்சி செய்யப் போவதாகச் சொன்னாயே, அங்கே வெளிநாட்டுக்காரர்களோடு மெயில் போக்குவரத்து இருக்கும். படிக்க ஓர் இடம் வேண்டும்.

வீட்டுப்பாடம் ஒன்று தருகிறேன். நாளைக் காலை வண்டியில் உட்கார இடம் கிடைத்தால் போன் நோட்ஸில் இந்த ஐந்தையும் இங்கிலீஷில் எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அம்மாவோட ஃப்ரெண்ட் ஒருத்தங்க கவரப்பேட்டையில இருக்காங்க. உன்னோட எந்த மெயிலைச் சொல்றே? என்னோட இந்த பேக் பழசாயிடுச்சு. இது அவங்க தப்பு இல்ல. என்கிட்ட அப்பாவோட போட்டோ ஒண்ணு இருக்கு. கடைசி வாக்கியத்துக்கு இரண்டு பதில் இருக்கிறது. இரண்டையும் எழுதி, போட்டோவில் யார் இருக்கிறார் என்று பக்கத்தில் தமிழில் குறி.

உன் மெயிலின் முதல் இரண்டு வரியை மட்டும் நான் எழுதித் தருகிறேன், மீதியை நீயே எழுது. "எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன் ஹேஸ் கம்ப்ளீட்டட் ஹெர் டிப்ளமோ அண்ட் இஸ் லுக்கிங் ஃபார் எ ஜாப். ஷி இஸ் எ க்ளாஸ்மேட் ஆஃப் மைன் ஃப்ரம் பாலிடெக்னிக்." ரெஸ்யூமேயை அட்டாச் பண்ணிவிட்டாயா என்று அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள். ஆள் எடுப்பது இந்த வாரத்தோடு முடிகிறது என்றாயே, நாளைக்குள் போய்விடட்டும்.